மூன்று நாள் வாடகை

கச்சனம் தாண்டி ஆலத்தம்பாடிக்கு முன்னால்
வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
அறுபத்திரண்டரை கே.வி.ஏ., டாங்கி முழுக்க டீசல்.
சத்தம் வராத வண்டி எடுக்க அவர்களிடம் காசில்லை;
என்னுடையது திருவிழா வண்டி, ஊரையே உலுக்கும்.
கேபிளை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

கேமரா அந்தம்மாதான். நஸ்ரத். கூத்தாநல்லூர்.
முக்காட்டுக்கு மேல் ஒரு கிரிக்கெட் தொப்பி.
வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

நடவு முடிந்து நாலைந்து நாள் ஆன வயல்.
பச்சை இன்னும் தண்ணீரை மூடவில்லை.
“லைட்டு கீழேயிருந்து வருதுல்ல, போதும்” என்றார்.
வரப்பில் நின்ற நடிகையின்
தாடைக்கு அடியிலும் நிழல் இல்லை.
ஒரு வேலி நிலத்தையே தெர்மாகோலாக்கிக்கொண்டவரிடம்
எனக்கென்ன வேலை?
கேபிளைச் சுற்றி எடுத்துவைத்தேன்.

மறுநாள் மேகத்துக்காகக் காத்திருந்தோம்.
நான் பார்த்த கேமராக்காரர்கள்
மேகம் போகக் காத்திருப்பார்கள்.
இவர் வரக் காத்திருந்தார்.
பதினோரு மணிக்கு வேதாரண்யம் பக்கமிருந்து ஒன்று வந்தது.
நாலு நிமிஷம் நின்றது.
அவ்வளவுதான் அன்றைய வேலை, மீதி டீ.

டீக்கு நடுவே உதவியாள் ஜாகீர் சொன்னான்:
பதினேழு வயதில் கல்யாண வீடியோவாம்.
பெண்கள் பக்கம் ஆண் கேமரா போகாது, இவர் போனார்.
முகம் வேண்டாம் என்பார்கள்.
காய்கிற மருதாணி, கழற்றிப் போட்ட செருப்புகள்,
ஒரே சகனில் நாலு கை,
கதவிடுக்கில் பாதித் தோள்.
விடிந்ததும் டேப்பை எண்ணி வாங்கிக்கொள்வார்கள்.
இருநூறு கல்யாணம்.
கையில் ஒரு பிரேம் மிச்சமில்லை.

அப்புறம் படங்கள்.
ஒன்று வெளிவரவேயில்லை.
ஒன்று எந்த நாட்டு விழாவிலோ கைதட்டல் வாங்கியது,
இவருக்கு விசா கிடைக்கவில்லை.
இன்றைக்கும் ஒரே லென்ஸ்.
கிட்டத்தில் வேண்டுமென்றால் சேற்றில் நடந்து போவார்.
முகம் திரும்பப் போகிற நேரத்தில் கேமராவை நிறுத்திவிடுவார்.
“அதுக்கு மேல அவங்களோடது” என்பாராம்.

மூன்றாம் நாள் சாவு வீடு. பழைய தொகுப்பு வீடு.
மேற்கு வாசல் வழியாக வெயில்
அலுமினியக் குண்டான் தண்ணீரில் விழுந்து
சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு.
அசையாமல் கிடந்தது.
ஜாகீர் கையால் கலக்கினான். “கை தெரியுது.”
அட்டையால் விசிறினான். “காத்து தெரியுது.”

அப்போதுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.
“அண்ணே, வண்டியை அந்தச் சுவரோரம் கொண்டாங்க.
கேபிள் வேண்டாம். ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க.”

சவுண்டுக்காரப் பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.
திருகினேன். இருமிப் பிடித்துக்கொண்டது.
தரை நடுங்கியது, குண்டான் நடுங்கியது,
சுவரில் அந்தத் துண்டு
குளிர்ஜுரக்காரன் உதடு மாதிரி.
விதவையாக நடித்த பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.
அவள் அழவில்லை.
அந்த வேலையைச் சுவர் பார்த்துக்கொண்டது.

அடுத்த வருஷம் திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில்
வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டார்கள்.
நாற்பது பேர். வீட்டுக்காரியையும் கூட்டிப்போனேன்.
அந்தச் சுவர் வந்ததும்
“நம்ம வண்டி, நம்ம வண்டி” என்றேன்.
“எங்க?” என்றாள்.
கைநீட்டிக் காட்ட அங்கே ஒன்றுமில்லை.
படத்தில் என் சத்தம்கூட இல்லை,
எங்கேயோ ஒரு கோழி மட்டும் கேறிக்கொண்டிருந்தது.

கடைசியில் பேர் போட்டார்கள்.
கலியமூர்த்தியில் ஒரு ‘த்’தைக் காணோம்.

டீசல் அரை லிட்டர்தான் ஆனது.
வாடகையில் ஆயிரத்து இருநூறு பாக்கி.
கேட்கணும்.